தொண்ணூறா, நூற்று நாற்பதா?

பந்தயக் காரின் கியர்பாக்ஸுக்கு ஆயில் தேர்ந்தெடுப்பதில் முதல் படி, எந்த ஆயில் என்று முடிவு செய்துவிடுவது. காரணங்களைப் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். கோயமுத்தூர்ப் பட்டறைகளில் பதினைந்து வருடமாகச் சுற்றுகிறேன். இந்த வரிசையை மாற்றிச் செய்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டாவது படி, யோசனை கேட்பது. முடிவு எடுத்தாகிவிட்டதால் இதில் ஆபத்து ஒன்றும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு நடை நடந்தால் போதும், ஆளுக்கொரு டின்னைக் காட்டுவார்கள். கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டிக்கர் காசு கொடுத்தவருடையது; உள்ளே இருப்பது கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தது. லாரி வைத்திருக்கும் பெரியப்பா உங்களுக்கும் ஒருவர் இருப்பார். "தொண்ணூறு நம்பரெல்லாம் தண்ணி கண்ணு. நூத்தி நாப்பது ஊத்து, சத்தமே வராது" என்பார். வராதுதான். காலையில் முதல் கியரும் வராது.

மூன்றாவது படி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கியர்பாக்ஸை இறக்க ஒரு நாள் கூலி ஆகும். ஆயிலைப் பற்றிப் பேசுவதற்குக் கூலி கிடையாது.

என் கார் ஒரு பழைய எஸ்டீம். வாங்கும்போது அதன் பெட்டிக்குள் ஒரே கட்சி ஆட்சிதான்: சாய்ந்த பற்கள், பித்தளை சின்க்ரோ ரிங், சாதாரண டிஃபரன்ஷியல். கம்பெனி சொன்ன ஜிஎல்-4 ஆயிலை இரண்டு லிட்டர் சொச்சம் ஊற்றினால் வருடக்கணக்கில் வாயைத் திறக்காது. பிறகு எனக்குப் பந்தய ஆசை வந்தது. சாய்ந்த பற்களைக் கழற்றிவிட்டு நேர்ப்பல் கியர் வெட்டிப் போட்டோம். டிஃபரன்ஷியலைத் தூக்கிவிட்டு, தட்டுத் தட்டாகக் கிளட்ச் அடுக்கிய எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) ஒன்றை வைத்தோம். சின்க்ரோ ரிங்குக்கு வரும்போது காசு தீர்ந்துவிட்டது. அது மட்டும் பழைய பித்தளை. ஆக உள்ளே இப்போது கூட்டணி ஆட்சி, மூன்று கட்சிகள். முன்சக்கரத்தில் ஓடும் கார் என்பதால் கியருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே பெட்டி, ஒரே எண்ணெய்.

மூவரின் கோரிக்கைகளையும் கேளுங்கள். பற்கள் சொல்கின்றன: எங்கள்மேல் இடி மாதிரி சுமை விழுகிறது, இரும்போடு இரும்பு ஒட்டிக்கொள்ளாமல் காப்பாற்று. சின்க்ரோ ரிங் சொல்கிறது: நான் ஒரு குட்டி பிரேக். சுற்றும் கியரின் கூம்பை உரசிப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்துவதுதான் என் பிழைப்பு. என்னை வழுக்க விடாதே. எல்எஸ்டி தட்டுகள் சொல்கின்றன: நாங்களும் உரசித்தான் பிழைக்கிறோம், ஆனால் தடதடக்காமல் உரச வேண்டும், அதற்கென்று தனியாக ஒரு மருந்து கலந்து கொடு. அந்த மருந்தைக் கலந்தால் சின்க்ரோவின் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். பல் வைத்து ஒன்றையொன்று தள்ளும் வகை எல்எஸ்டி வாங்கியிருந்தால் இந்த மருந்தே தேவைப்பட்டிருக்காது. வாங்கும்போது யார் இதையெல்லாம் யோசிக்கிறார்கள்? விலையைத்தான் யோசித்தேன்.

இப்போது ஜிஎல்-4, ஜிஎல்-5 சண்டைக்கு வருவோம். பட்டறை நாகரிகம் தெரிந்தவர்கள் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பிக்க மாட்டார்கள். 4-ஐவிட 5 பெரிது, ஆகவே உசத்தி என்று நினைப்பது ரேஷன் கடை வரிசைக்குச் சரி. அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் அந்த எண்களை மார்க்காகப் போடவில்லை, வேலையைச் சொல்லத்தான் போட்டது. ஜிஎல்-5 முக்கியமாக ஹைப்பாய்டு பற்களுக்கு. பின்சக்கரத்தில் ஓடும் வண்டிகளின் கிரவுனில் பினியன் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். பற்கள் உருளுவதைவிட வழுக்குவதே அதிகம். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தை ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்த்தார்கள். சூடு ஏறும் இடத்தில் அது இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அந்தத் தோல் தேயும்.

இரும்புக்குச் சரி. அதே கந்தகம் சூட்டில் பித்தளையின் செம்போடும் பேச்சுக் கொடுக்கும். அங்கே உரியும் தோல் கொஞ்சம் உலோகத்தையும் கூட்டிக்கொண்டு போகும். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இன்றைய நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் கந்தகத்தை ஓரளவு அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள். "பித்தளையை ரெண்டே மாசத்துல தின்னுரும்" என்பது பாதி பயமுறுத்தல். என் பெட்டி மாதிரியானவற்றுக்கு உண்மையான தொந்தரவு வேறு. அந்த ஆயில் சின்க்ரோவின் கைக்கு வழுக்கலாக இருக்கும். வேகம் சமமாவதற்குள் கியரைத் தள்ளினால் 'கர்ர்ர்'. மேலும் என் பெட்டியில் ஹைப்பாய்டே கிடையாது. இல்லாத நோய்க்கு இரட்டை மருந்து எதற்கு?

நம்பிக்கை வராதவர்களுக்குச் செப்புப் பட்டைச் சோதனை இருக்கிறது. தேய்த்து மினுக்கிய செப்புத் துண்டை 121 டிகிரி ஆயிலில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பது. எண்ணெய்க் கம்பெனிகளின் ஆய்வகங்களில் நடப்பது. வீட்டு அடுப்பில், அம்மாவின் தாம்பாளத்திலிருந்து உடைந்த துண்டை வைத்துச் செய்ய வேண்டாம். செய்தவன் சொல்கிறேன்.

சின்க்ரோவே இல்லாத டாக் பாக்ஸ் வைத்திருக்கும் பணக்காரர்கள் இதைப் படிக்காமல் தாண்டலாம். பித்தளை இல்லை, பிரச்சினை இல்லை. பெட்டி செய்தவன் சொன்னதை ஊற்றுங்கள். கியரை மட்டும் தயங்கித் தயங்கிப் போடாதீர்கள். டாக் பல்லின் முனை மழுங்கினால் எந்த ஆயிலும் அதைக் கூராக்காது.

அடுத்தது எண். 75டபிள்யூ-90 என்பதில் இருக்கும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. 75டபிள்யூ என்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் ஆயில் அசையும் என்று உத்தரவாதம். பூஜ்ஜியத்துக்கு மேலே 40 டிகிரியில் வேர்த்துக்கொண்டு நிற்கும் நமக்கு இந்த உத்தரவாதம் கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது பின்னால் வரும் 90. அதையும் இன்ஜின் ஆயிலின் 40, 50 ஆகிய எண்களோடு ஒப்பிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு தராசு. 100 டிகிரிச் சூட்டில் 90 நம்பர் கியர் ஆயில் ஏறக்குறைய 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட இன்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி. ஹோண்டா தன் மேனுவல் பெட்டிகளில் பல காலம் இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொன்னது. 1959-இல் வந்த மினி காரில், அதை வடிவமைத்த இசிகோனிஸ் கியர்பாக்ஸை இன்ஜினின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். இருவருக்கும் ஒரே ஆயில், மாமியார் மருமகள் ஒரே அடுப்பு மாதிரி.

எண்ணெயின் பூர்வோத்தரம் கேட்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் திரவத்தில் 1970-களின் தொடக்கம் வரை திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். காஸ்ட்ரால் என்ற பெயர் வந்தது ஆமணக்கிலிருந்து, அதாவது நம் விளக்கெண்ணெயிலிருந்து. அந்தக் காலப் பந்தய இன்ஜின்கள் அதில்தான் ஓடின. அடுத்த முறை உங்களை யாராவது விளக்கெண்ணெய் என்று திட்டினால் பெருமைப்படலாம்.

90-ஆ 140-ஆ என்ற கேள்விக்குப் பதில் சூட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பல் ஜோடியிலும் நூற்றுக்கு ஒரு பங்கு சக்தி சூடாகிப் போகிறது என்று வையுங்கள். 100 குதிரைச் சக்தி காரில், கியரில் ஒரு ஜோடி, டிஃபரன்ஷியலில் ஒரு ஜோடி. ஏறக்குறைய 1500 வாட். இரண்டரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய்க்குள் ஒன்றரை இஸ்திரிப் பெட்டியைப் போட்டு மூடியதற்குச் சமம். பந்தயம் முடிந்ததும் பெட்டியின் சூட்டை அளந்து பாருங்கள். 100 டிகிரி சுற்றி இருந்தால் 90 போதும். 130-ஐத் தாண்டினால் கெட்டி ஆயிலைத் தேடுவதற்கு முன்னால் காற்று போக வழி செய்யுங்கள். கெட்டி ஆயிலைக் கலக்கவே சக்தி வேண்டும். அந்தச் சக்தியும் சூடாகத்தான் திரும்பி வரும்.

ஆயில் மாற்றும்போது முதலில் எதைக் கழற்ற வேண்டும்? ஊற்றும் ஓட்டையின் நட்டை. நான் டிரெய்ன் நட்டைத்தான் முதலில் கழற்றினேன். பழைய ஆயில் முழுக்க இறங்கி, தரையில் பரவி, என் சட்டையில் ஏறி முடிந்த பிறகுதான் மேல் நட்டு துருப்பிடித்து அசையாமல் இருப்பது தெரிந்தது. மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார்.

"என்னங் தம்பி, வாசலைத் திறக்காமயே வீட்டைக் காலி பண்ணிட்டீங்களாட்ட இருக்குது."

"நட்டு மழுங்கிப் போச்சுங்ணா."

"நட்டு மட்டுந்தானுங்களா?"

கார் சமதளத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஜாக்கி ஏற்றிவிட்டு ஓட்டை வழியும்வரை ஊற்றினால் அளவு தப்பும். கூடிப்போனால் நுரைக்கும், மூச்சுக்குழாய் வழியே கக்கும். கக்கியதைப் பார்த்து "சீல் போச்சு" என்று நாலு பேர் சொல்வார்கள்.

டிரெய்ன் நட்டின் காந்தத்தைத் துடைக்குமுன் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை. விரலில் குத்தும் துண்டு இருந்தால் பெட்டியை இறக்குங்கள். ஆயிலில் பொன் துகள் மினுங்கினால் சின்க்ரோ கரைந்துகொண்டிருக்கிறது. காந்தம் பித்தளையைப் பிடிக்காது, வெயிலில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இதை அண்ணன் காட்டிக்கொடுத்தார். இன்னொன்றும் காட்டினார். மூன்றாவது கியரில் கர்ர்ர் சத்தத்துக்காக நான் நாலு வகை ஆயில் மாற்றியிருந்தேன். அவர் கிளட்ச் கேபிளை ஒரு சுற்று முறுக்கினார். சத்தம் நின்றுவிட்டது. கிளட்ச் முழுசாகப் பிரியாமல் இருந்திருக்கிறது. கடைசியில் நான் ஊற்றி நிறுத்தியது 75டபிள்யூ-90, ஜிஎல்-4, எல்எஸ்டி மருந்து பாதி அளவு. தட்டுகள் திருப்பத்தில் லேசாக முனகுகின்றன. கூட்டணி என்றால் யாராவது முனகத்தான் செய்வார்கள்.

மிச்சம் நாலு அரை டின்கள். கீழே ஊற்றக் கூடாது, ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. நான் ஜிஎல்-5-ஐ வீட்டு கேட்டின் கீல்களுக்கு விட்டேன். கிறீச் சத்தம் போனது, வாசல் முழுக்கக் கந்தக நாற்றம் வந்தது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று சமையல் கேஸில் கலப்பதும் கந்தக வாடைதான். மறுநாள் காலையில் அம்மா ஏஜென்சிக்குப் போன் செய்துவிட்டார். ஆள் வந்து ரெகுலேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. போகும்போது கேட்டைப் பிடித்தவர் நின்றார். குனிந்து கீலை முகர்ந்தார்.

"ஜிஎல் ஃபைவுங்களா?" என்றார். "இதுக்கு நூத்தி நாப்பது விட்டுருக்கலாமுங்."