மிச்சமாகும் குதிரைத்திறன்

கேள்வி: 'அண்டர்டிரைவ்' புல்லி மாட்டினால் கார் என்ஜினுக்குக் கூடுதல் சக்தி கிடைக்குமாமே, உண்மையா?

பதில்: கிடைக்காது, மிச்சமாகும். ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டீயரிங் எல்லாம் பெல்ட் வழியே என்ஜினிடம் தினக்கூலி வாங்குபவை. அண்டர்டிரைவ் முறையில், பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியைச் சிறிதாக்கினால் அவை மெதுவாகச் சுழலும். சில குதிரைத்திறன் சக்கரத்துக்குப் போகும். என்ஜின் உச்ச வேகத்திலேயே ஓடும் பந்தயத் தடத்துக்கு இது நல்ல ஏற்பாடு. சிக்னலில் நிற்கும்போதுதான் வினை: சார்ஜ் குறையும், ஏசி சோரும், வெயிலில் என்ஜின் சூடேறும்.

பெரிய ஆபத்து வேறு. பல என்ஜின்களில் கிராங்க் புல்லிக்குள்ளேயே 'டாம்பர்' எனும் ரப்பர் வளையம் உண்டு. ஒவ்வொரு எரிதலிலும் கிராங்க் ஷாஃப்ட் முறுகி அதிர்வதை அடக்குவது அதுதான். அதைக் கழற்றிவிட்டு வெறும் அலுமினியப் புல்லியை மாட்டினால் பேரிங் அடி வாங்கும், ஆயில் பம்ப் அடி வாங்கும், ஷாஃப்ட்டே முறியலாம். 1980, 90களின் ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரில் டாம்பர் தனி, புல்லி தனி. அதனால்தான் அமெரிக்கக் கார்ப் பிரியர்கள் அதில் துணிந்து மாற்றினார்கள்.

உங்கள் காரில் இரண்டும் ஒன்றென்றால் கை வைக்காதீர்கள். தினமும் ஆபீஸ் போகிற வண்டி என்றால் எப்படியும் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.