மாப்ளே, மொதல்ல வீட்டைக் கூட்டு!

மாப்ளே, முகத்துல ஒரு வெளிச்சம் தெரியுதே, புதுசா எதையோ வாங்கிட்டே போலிருக்கு. சொல்லாதே, நானே சொல்றேன். நிமிர்ந்து நிக்கும். தலை பெருசா இருக்கும். முதுகுல துணிப்பை ஒண்ணு தொங்கும். கரண்டு குடுத்தா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும். சரிதானே?

உன்னைக் குறை சொல்ல வரல. நம்ம பாகான் டாலாம்ல அவனவன் புறா வளக்கிறான், மீன் தொட்டி வைக்கிறான், பழைய வெஸ்பாவுக்குச் சாயம் அடிக்கிறான். நீ பழைய வேக்கம் கிளீனர் சேர்க்கிறே. புறான்னா எச்சம் போடும், மீன்னா செத்து மிதக்கும். உன் மிஷினுங்களால அந்தத் தொந்தரவு எதுவும் கிடையாது. வெச்ச எடத்துல நிக்குதுங்க, ஒரு வேலையும் செய்யறதில்ல. வளத்தவன் குணம் வராம எங்க போகும்?

'சூராட் காபார் லாமா'ன்னு ஒலிபெருக்கியில சொல்லிக்கிட்டே பழைய பேப்பர், பழைய இரும்பு எடுக்கிற லோரி வருதே, பார்த்திருக்கியா? தெரு பூரா ஒரே வேகத்துல வர்றவன் உன் வாசல்ல மட்டும் மெதுவாப் போறான். வாசல் ஐந்தடி நடையில நிக்கிற உன் மிஷினுங்களை ஒரு பார்வை பார்த்துட்டு, சிரிச்சுட்டுப் போறான். என்னைக்காவது ஒரு நாள் தன் முறை வரும்னு அந்த ஆளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நிமிர்ந்து நிக்கிற மிஷினை எதுக்குச் செஞ்சாங்க? வெள்ளைக்காரன் குளிர் தாங்காம சுவருக்குச் சுவர் கம்பளம் விரிச்சான். கம்பளத்துக்குள்ள எறங்கின மண்ணை எந்த விளக்குமாறும் எடுக்காது. அதனால மிஷினுக்கு அடியில ஒரு உருளையை வெச்சு, அதுல பிரஷ்ஷைச் சுத்தி விட்டான். 1926ல ஹூவர் கம்பெனிக்காரன் அந்த உருளையில தட்டுற சட்டத்தையும் சேர்த்தான். சட்டம் கம்பளத்தைத் தட்டும், பிரஷ் கூட்டும், காத்து உறிஞ்சும். நல்ல யோசனைதான், நான் இல்லேங்கல. ஆனா நம்ம வீட்டுல தட்டறதுக்கு என்ன இருக்கு? சிமெண்டு, மொசேக், காசிருந்தா டைல்ஸ். உக்கார ஒரு பாய். அந்தப் பாயில ஓட்டிப் பார்த்தியாமே, உங்கம்மா சொன்னா. பாயோட ஓரம் உள்ள போய்ச் சிக்கிக்கிச்சாம். பாயைக் காப்பாத்தறதா மிஷினைக் காப்பாத்தறதான்னு நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டுமே போயிருச்சாம்.

இந்தியாவுல யுரேக்கா ஃபோர்ப்ஸ்னு ஒரு கம்பெனி, 1982ல ஆரம்பிச்சது. கழுத்துல டை கட்டின பையனுங்களை வீடு வீடா அனுப்பி, மெத்தையிலயும் சோபாவுலயும் இருக்கிற தூசியை எடுத்துக் காட்டித்தான் வித்தாங்க. அதுவும் குழாய் வெச்ச மிஷின். கம்பளம் இல்லாத நாட்டுல எது விலை போகும்னு விக்கிறவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வாங்கற உனக்குத் தெரியல பாரு.

சரி, சேர்த்தது சேர்த்தாச்சு. வம்சமாவது தெரிஞ்சு வெச்சுக்கோ. லண்டன்ல ஹூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர். சுத்தம் பண்ற மிஷின்னு அந்தக் காலத்துல ஒண்ணை அவனுக்குக் காட்டினாங்க. அது தூசியை ஊதிச்சு. இந்த மூலைத் தூசி அந்த மூலைக்குப் போச்சு, அவ்வளவுதான். ஊதறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்னன்னு நெனச்சவன், ஒரு சாப்பாட்டுக் கடையில நாற்காலி மெத்தை மேல கைக்குட்டையைப் போட்டு, அதுல வாயை வெச்சு உறிஞ்சினான். தொண்டை அடைச்சு இருமினான். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தா அடியில கறுப்பு. 1901ல மிஷினைச் செஞ்சுட்டான். குதிரை இழுக்கிற வண்டி அளவு. மிஷின் தெருவுல நிக்கும், குழாய் மட்டும் சன்னல் வழியா வீட்டுக்குள்ள போகும். 1902ல ஏழாம் எட்வர்டு ராஜாவுக்குப் பட்டாபிஷேகம்னப்போ, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக் கம்பளத்தை அதுதான் சுத்தம் பண்ணுச்சு. நல்ல வேளை, அது நீ பழைய சாமான் வாங்கற லோரோங் கூலிட் சந்தைக்கு வரல. வந்திருந்தா குதிரைக்கும் சேர்த்து நீ விலை பேசியிருப்பே.

உன் வாசல்ல நிக்குதே, அதோட கொள்ளுத்தாத்தா பொறந்தது அமெரிக்காவுல. ஒஹாயோ மாநிலம், கேன்டன் ஊரு. ஜேம்ஸ் முரே ஸ்பாங்லர்னு ஒரு மனுஷன், வயசு அறுபதை நெருங்கிருச்சு. பெரிய கடை ஒண்ணுல கூட்டித் தொடைக்கிற வேலை. ஆஸ்துமா வேற. கம்பளத்தைக் கூட்டுனா தூசி கெளம்பும், தூசி பட்டா இழுப்பு வரும். 1907ல அந்த ஆளு மின்விசிறி மோட்டார் ஒண்ணை எடுத்தான், தகரச் சோப்புப் பெட்டியில பூட்டினான், விளக்குமாத்துக் கம்பைக் கைப்பிடியா வெச்சான், தலையணை உறையைப் பின்னால கட்டினான். முடிஞ்சுது. மறு வருஷமே பேட்டண்டும் வாங்கிட்டான். செஞ்சு விக்கத்தான் கையில காசு இல்ல.

அதே பக்கத்துல வில்லியம் ஹூவர்னு ஒரு தோல் வியாபாரி. குதிரைக்குச் சேணம் தைக்கிற தொழில். மோட்டார் கார் வந்தாச்சு, இனிமே குதிரைக்கும் வேலை இல்ல, சேணத்துக்கும் வேலை இல்லன்னு புரிஞ்சுக்கிட்டவன். அவன் பொண்டாட்டி சூசன் அந்த மிஷினை வீட்டுல ஓட்டிப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொன்னா. 1908ல உரிமையை வாங்கி, அறுபது டாலர் விலை போட்டு விக்க ஆரம்பிச்சுட்டான். ஸ்பாங்லர் 1915ல போய்ச் சேர்ந்தான். மிஷின் மேல யாரு பேரு இருக்கு? நீதான் தெனமும் பாலிஷ் போடறியே, படிச்சுப் பாரு.

கூட்டுறவன் ஒருத்தன், தான் மூச்சு விடணும்னு செஞ்ச சாமான் மாப்ளே அது. கூட்டுறவன் கஷ்டம் நமக்குத் தெரியாததா? இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க எதுக்கு வந்தாங்க? ரப்பர்த் தோட்டத்துல பால் வெட்ட, ரயில் தண்டவாளம் போட, துறைமுகத்துல மூட்டை தூக்க, முனிசிபல்ல தெருக் கூட்ட. அக்கரையில ஜார்ஜ்டவுன் தெருவெல்லாம் பாரம்பரியம்னு 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தத் தெருவை விடியறதுக்கு முந்தியே கூட்டி வெச்ச தமிழன் கைக்கு எவனும் ஒரு மோட்டார் வெச்சுக் குடுக்கல. நீ என்னடான்னா மோட்டாரை வெச்சுக்கிட்டு, கூட்ட மாட்டேங்கறே.

ரிப்பேர் பண்றியே, அதையாவது ஒழுங்காப் பண்ணு. மாமனுக்கு என்ன தெரியும்னு பாக்காதே, கிரேன் மோட்டாருக்கு எண்ணெய் விட்ட கை இது. சந்தையில "ஓடுதா"ன்னு கேக்காதே. ஓடும்னுதான் சொல்லுவான், விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்? அங்கேயே பிளக்கைச் சொருகவும் கூடாது. மொதல்ல மோட்டாரைக் கையால சுத்திப் பாரு. இறுக்கமா இருந்தா கிரீஸ் காஞ்சிருக்கு, அது பெரிய விஷயமில்ல. கார்பன் பிரஷ்ஷைக் கழட்டிப் பாரு, தேஞ்சிருந்தா வேற வாங்கி அளவுக்கு அரைச்சுப் போட்டுக்கலாம். மூக்கை வெச்சு மோந்து பாரு. கருகின வாடை அடிச்சா காயில் போச்சு. கீழ வெச்சுட்டு, கோப்பி குடிக்கப் போயிரு.

அப்புறம் அடியில இருக்கிற தகட்டைப் படி. அமெரிக்கா மிஷின்னா 110, 120 வோல்ட்டுதான் தாங்கும். நம்ம ஊர் கரண்டு அதைவிட ரெண்டு மடங்கு. நேராச் சொருகினா ஒரு நிமிஷம் ஏரோப்ளேன் சத்தம், அடுத்த நிமிஷம் சாம்பிராணி. வோல்ட்டைக் கொறைக்கிற டிரான்ஸ்பார்மர் வாங்கு. இங்கிலாந்து மிஷின்னா வோல்ட்டு சரியா வரும், பழைய உருண்டை முள் பிளக்கை மட்டும் மாத்தணும். வயரை மறந்துடாதே. பழைய ரப்பர் வயரு வளைச்சா முறுக்கு ஒடியற மாதிரி ஒடியும். உடம்பெல்லாம் உலோகம், பலதுக்கு எர்த் வயரே கிடையாது. ஒரிஜினல் வயர்தான் பெருமைன்னா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டு. உயிர் வேணும்னா மாத்திடு.

பெல்ட்டுக்கு வா. அந்த விஷயத்துல நான்தான் உனக்கு வாத்தியார். மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவுல ஓடற அந்த ரப்பர், காத்துப் பட்டுப் பட்டே செத்துப் போகும். மிஷினை ஓட்டாம நிறுத்தி வெச்சா ஒரே பக்கமா இழுபட்டு அப்படியே நின்னுரும். அப்புறம் ஓட்டுனா வழுக்கும், உருளை சுத்தாது, ரப்பர் எரியற நாத்தம் வரும். அதனால நிறுத்தி வைக்கிற மிஷினுக்கு பெல்ட்டைக் கழட்டி வை. அந்த மிஷினெல்லாம் செஞ்ச காலத்துல உலகத்து ரப்பர்ல பெரும்பங்கு மலாயாவுல இருந்துதான் போச்சு. அந்த பெல்ட்டுல எங்கப்பன் வெட்டுன பால் ஒரு சொட்டு இருந்தாலும் இருக்கும். மரியாதையாக் கழட்டு.

உன் பாலிஷ் கதைக்கு வர்றேன். 1936ல ஹென்றி டிரைஃபஸ்னு ஒரு கெட்டிக்காரன் ஹூவர் 150ங்கற மாடலுக்கு உருவம் வரைஞ்சான். மேல பேக்கலைட் மூடி, வழவழன்னு கார் மூஞ்சி. அந்தப் பேக்கலைட்டை லியோ பேக்லண்ட் கண்டுபிடிச்சதும் அதே 1907லதான். ஸ்பாங்லர் சோப்புப் பெட்டியில மோட்டாரைப் பூட்டின வருஷம். பேக்கலைட்டை மெதுவா ஈரத்துணியால தொடைச்சு மெழுகு போடு, தின்னர் கின்னர் தொடாதே. அலுமினியத்துல ஆட்டோசோல் பாலிஷ் போட்டு நீ தேய்க்கிற தேய்ப்புல, முகம் பாத்து மீசையே ஒதுக்கலாம். ஆனா உள்ள இருக்கிற பையை எப்போ ஒதறினே? அதுல எந்தச் சீமாட்டி வீட்டுத் தூசியோ அறுபது வருஷமாக் குடியிருக்கு. வெளிய எடுத்துப் போய், மூக்கைக் கட்டிக்கிட்டு ஒதறு. ஸ்பாங்லருக்கு வந்த இழுப்பு உனக்கும் வந்துச்சுன்னா, நீ வேற ஒரு மிஷினைக் கண்டுபிடிக்க வேண்டி வரும். அதுக்கு உனக்குப் பொறுமை பத்தாது.

ஆசைக்கு ஒரு அளவு வேணும் மாப்ளே. 1992ல இங்கிலாந்துல ஹூவர்காரனே ஒரு கூத்து பண்ணினான். நூறு பவுனுக்குச் சாமான் வாங்கினா ரெண்டு விமான டிக்கெட்டு சும்மான்னு அறிவிச்சான். மொதல்ல ஐரோப்பா, அப்புறம் அமெரிக்காவுக்கே. சனங்க விழுந்தடிச்சு வாங்கினாங்க. தூசி எடுக்கவா? பறக்க! மிஷின் வேணாம், டிக்கெட்டு போதும்னு வாங்கினவனே ஏராளம். டிக்கெட்டு குடுக்க முடியாம கம்பெனிக்கு அஞ்சு கோடி பவுன் பக்கம் நட்டம், கோர்ட்டு கேசுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கூட்டாம விளக்குமாறு வாங்கினவன் கதை எப்படி முடியும்னு அந்த ஊர்லயே காட்டிட்டாங்க.

பையே வேணாம்னு கெளம்பினான் இன்னொருத்தன், ஜேம்ஸ் டைசன். 5,127 மாதிரி செஞ்சு பாத்தானாம். 2002ல தயாரிப்பையே இங்கிலாந்துல இருந்து நம்ம மலேசியாவுக்கு மாத்திட்டான். அந்த மிஷின்ல நிறைய ஜொகூர்ல செஞ்சு உலகத்துக்குப் போகுது. நீ உலகம் தூக்கிப் போட்டதையெல்லாம் பாகான் டாலாமுக்குக் கொண்டு வர்றே. ஏற்றுமதியும் இறக்குமதியும் சமமாப் போச்சு.

கம்பளம் இல்லன்னு கவலைப்படாதே, அதுக்கும் வழி சொல்றேன். நம்ம சனங்க கல்யாணம்னா மண்டபத்துல வாசல்ல இருந்து மேடை வரைக்கும் செவப்புக் கம்பளம் விரிக்கிறாங்களா இல்லையா? சாயங்காலம் பாரு, அட்சதை, பூவிதழ், ஜிகினா, எல்லாம் அதுல ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ரெண்டு பொம்பளைங்க குனிஞ்சு பொறுக்கிக்கிட்டு இருப்பாங்க. உன் மிஷினு பொறந்ததே அந்த வேலைக்குத்தான். தள்ளிக்கிட்டுப் போ. ஒரு புத்திமதி மட்டும் கேட்டுக்கோ. இந்தப் பழைய மிஷின்ல குப்பை மொதல்ல விசிறியில அடிபட்டுத்தான் பைக்குப் போகும். ஹேர்பின்னோ காசோ உள்ள போச்சுன்னா விசிறி எறக்கை ஒடைஞ்சிரும், அந்த எறக்கை கடையில லேசுல கிடைக்காது. அதனால மொதல்ல கையால பொறுக்கு. மஞ்சத்தண்ணி சிந்தின எடம் பக்கமே போகாதே. பொறுக்கின காசை மாமன் கிட்ட குடுத்துரு, அது அறிவுரைக்கு.

நேத்து உங்க வீட்டுப் பக்கம் வந்தேன். என் தங்கச்சி முட்டிவலியோட குனிஞ்சு ஈர்க்குமாத்தால ஐந்தடியைக் கூட்டிக்கிட்டு இருந்தா. உன் மிஷினை ஒண்ணொண்ணா நகத்தி, அதுக்கு அடியில இருக்கிற தூசியைக் கூட்டி, திரும்ப அதே எடத்துல வெக்கிறா. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா, வேக்கம் கிளீனருக்கு வேலைக்காரி வெச்ச வீடு? எத்தனை வேணும்னாலும் வாங்கிக்கோ மாப்ளே, நான் தடுக்கல. டைல்ஸ்னா உருளை பெல்ட்டைக் கழட்டிட்டு ஓட்டு, உறிஞ்சறதை உறிஞ்சட்டும். வீட்டுல இருக்கிற ஒவ்வொண்ணும் வாரத்துக்கு ஒரு தடவை ஓடணும். ஓட்டறது நீயா இருக்கணும்.

நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பையன் என்ன பண்றான்னு கேட்டா, பழைய மிஷின் சேர்க்கிறான்னு சொன்னா குடிச்ச தண்ணியோட எழுந்து போயிருவாங்க. பையன் வீடு கூட்டுவான்னு சொல்லிப் பாரு, சுங்கைப்பட்டாணி வரைக்கும் வரிசை நிக்கும். என் மகளைக் கேட்டுடலாம்னு பாக்கிறியா? அவகிட்ட நான் ஏற்கனவே பேச்சுக் குடுத்துப் பார்த்துட்டேன். மச்சான் எத்தனை மிஷின் வெச்சிருந்தாலும் அவளுக்குப் பரவாயில்லையாம். கைப்பிடி யாரு கையில இருக்குன்னு தீபாவளிக்கு வந்து பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவாளாம்.