செட்டிங்ஸ் அண்ணன்

எந்த ஆபீஸிலும் இவர் ஒருவர் உண்டு. சம்பளம் வாங்குவது கணக்கெழுதவோ தபால் பதியவோதான். ஆனால் பக்கத்து மேஜையில் யாராவது கண்ணைச் சுருக்கி மானிட்டரை உற்றுப் பார்த்துவிட்டால் போதும், நாற்காலியோடு உருண்டு வந்துவிடுவார்.

"எழுத்து சின்னதா தெரியுதாக்கா? கொஞ்சம் தள்ளுங்க."

மவுஸ் கைமாறும். வலது கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், ரெசல்யூஷன். அங்கே 1920 × 1080 என்ற அளவுக்குப் பக்கத்தில், இதையே வைத்துக்கொள் என்று விண்டோஸ் பரிந்துரை எழுதியிருக்கும். அண்ணனுக்குச் சிபாரிசு என்றாலே ஆகாது. கீழே இறங்கி 1366 × 768-ஐத் தட்டுவார். எழுத்து பெரிதாகும். அக்காவின் முகம் மலரும். அடுத்த வாரம் அதே அக்கா தலைவலி மாத்திரை தேடுவார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்கும் தோன்றாது.

எழுத்து பெரிதானது நிஜம், கலங்கிப் போனதும் நிஜம். பின்பக்கம் பெருத்த பழைய பிக்சர் டியூப் மானிட்டரில் எந்த அளவை வைத்தாலும் ஒப்பேற்றிவிடலாம். எல்சிடி திரையில் அது நடக்காது. 1920 × 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. 1366-ஐ 1920-இல் நிரப்ப ஒவ்வொரு புள்ளியையும் ஏறக்குறைய 1.4 மடங்கு இழுக்க வேண்டும். 0.4 புள்ளியை எரியவிட வழியில்லாததால் பக்கத்துப் புள்ளியின் நிறத்தோடு குழைத்துச் சமாளிக்கிறார்கள். மங்கல் அங்கேதான் பிறக்கிறது.

இத்தனைக்கும் சரியான மருந்து அதே பக்கத்தில், ரெசல்யூஷனுக்கு நேர் மேலே இருக்கிறது: ஸ்கேல். அதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கினால் புள்ளிகள் இருந்தபடியே இருக்க, எழுத்தும் பொத்தானும் மட்டும் வளரும். அண்ணன் அந்த வரியைத் தாண்டித்தான் தினமும் கீழே போகிறார்.

உற்சாகம் மிகுந்த நாட்களில் 1024 × 768 வரை இறங்குவார். அகலத் திரையில் அது இழுபட்டு, கம்பெனி முத்திரை இட்லியாக இருந்தது கொழுக்கட்டையாகிவிடும். மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று விண்டோஸ் 15 விநாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் பழையபடி மாற்றிவிடும். அந்த 15 விநாடிக்குள் அண்ணன் வெற்றிப் புன்னகையோடு டீக்குப் போயிருப்பார். திரும்பி வந்து பார்த்துவிட்டு அவர் சொல்லும் தீர்ப்பு: "வைரஸ்."

மேனேஜர் புதிதாக 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினால் கதை முற்றும். பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 இணைப்பில் 4கே படம் விநாடிக்கு 30 தடவைக்கு மேல் புதுப்பிக்கப்படாது, மவுஸ் அம்பு திக்கித்திக்கி நகரும். அண்ணன் மவுஸை மாற்றச் சொல்வார். மாற்றுவார்கள். பிறகு மேஜை விரிப்பை மாற்றச் சொல்வார்.

ஆனாலும் அவருக்கென்று ஒரு பொற்காலம் இருந்தது. பழைய இன்டெல் கிராபிக்ஸ் இருந்த கம்ப்யூட்டர்களில் கன்ட்ரோல், ஆல்ட், கீழ் அம்பு மூன்றும் தவறி அழுந்தினால் திரை தலைகீழாகும். ஆபீஸே கழுத்தைச் சாய்த்து நிற்க, ஒருவர் மானிட்டரையே கவிழ்த்து வைக்க, அண்ணன் வருவார். மேல் அம்பை வைத்து அதே மூன்றை அழுத்துவார். அன்றைய பஜ்ஜி ஆபீஸ் செலவு. அந்த ஒரு வித்தைக்காக அவரை இன்றுவரை மன்னித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஆபீஸிலும் இருப்பார். அவர் வருமுன் ஸ்கேலை 125 ஆக்கிவிடுங்கள். யார் செய்தது என்று கேட்டால், கண் டாக்டர் என்று சொல்லிவிடுங்கள்.