குமிழைத் திருகும் முன் குனியுங்கள்

கேள்வி: கையால் செய்யப்படும் வால்வு கிடார் ஆம்ப்ளிஃபையர்களில் மேட்ச்லெஸ் உசத்தியா, டூ-ராக் உசத்தியா? குமிழ்களை எந்த எண்ணில் வைப்பது?

பதில்: இரண்டும் உசத்திதான், பிறந்த வீடுதான் வேறு. 1989-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய மேட்ச்லெஸின் டிசி-30, பிரிட்டனின் வாக்ஸ் ஏசி30 வழிவந்தது. நான்கு இ.எல்.84 வால்வுகள், 30 வாட். கொஞ்சம் அழுத்தி மீட்டினாலே இனிமையாகக் கரகரக்கும். டூ-ராக், ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் டம்பிள் போட்ட பாதையில் நடப்பது. ஃபெண்டர் குடும்பத்து ரத்தம். ஒலி அகலமாக, பளிங்குபோல் நிற்கும்; விரலின் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடும். கார்டுகளை வீசி வாசிப்பவருக்கு முதலாவது, ஒற்றைச் சுரத்தைப் பாடவைப்பவருக்கு இரண்டாவது என்பது என் கட்சி.

எண்களை நம்பாதீர்கள். ஃபெண்டர் வகை மின்சுற்றில் பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் 5-ல் வைத்தால் சமநிலை வராது. நடு ஒலி குழிந்தே இருக்கும். டிசி-30-இன் 'கட்' குமிழை ஏற்றினால் கூர்மை குறையும்! முதலில் வால்யூமை, வால்வு லேசாக உறுமும் இடம்வரை கொண்டுபோங்கள். பிறகே மற்ற குமிழ்கள். சுத்தமான ஒலி வேண்டுமா? கிடாரின் வால்யூமைக் குறையுங்கள்.

முக்கியமாக, ஸ்பீக்கரின் உயரத்துக்குக் குனிந்து கேளுங்கள். உச்ச ஒலி நேர்கோட்டில் பாய்வது. நின்றபடி திருகினால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும்; காதுக்கு எட்டவில்லையே என்று ட்ரெபிளை ஏற்றிவிடுவீர்கள். முன்வரிசை ரசிகருக்குக் காது கூசும்.