ஆலங்குடி மண்ணும் செவ்வாய்க் கோளும்

கேள்வி: எங்கள் ஊர்ச் செம்மண்ணும் செவ்வாய்க் கோளும் ஒரே நிறமாக இருக்கின்றனவே, சொந்தமா? – வாசகர், ஆலங்குடி

பதில்: சொந்தம்தான், இரும்புவழிச் சொந்தம்! இரண்டுக்கும் சிவப்பு தந்தது துரு. புதுக்கோட்டைச் செம்புராங்கல்லைப் பாருங்கள். வெயிலும் மழையும் நெடுங்காலம் மாறி மாறி வேலை செய்து, பாறையின் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போய்விட்டன. கரையாமல் அடம்பிடித்துத் தங்கியவை இரும்பும் அலுமினியமும். பூமிக்குள் இருக்கும்வரை வெட்ட இசையும் கல், காற்றுப் பட்டதும் இறுகிவிடும்.

செவ்வாயின் துரு வறண்ட காலத்தில் உண்டான ஹேமடைட் என்றே நெடுநாள் நம்பியிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது. எரிமலைப் பாறைப் பொடியோடு ஃபெர்ரிஹைட்ரைட்டைக் கலந்து பார்த்தபோது, விண்கலங்கள் அளந்த நிறத்தோடு நன்றாகப் பொருந்தியதாம். அது குளிர்ந்த நீரில் உருவாகும் துரு. தனக்குள்ளும் நீரை வைத்திருக்கும். அப்படியானால், ஈரம் இருந்த நாளிலேயே செவ்வாய் சிவந்திருக்க வேண்டும். எனக்கு இது பெரிய மகிழ்ச்சி! அங்கிருந்து மண் இங்கே வந்து சேர்ந்தால்தான் முடிவாகத் தெரியும். செவ்வாயில் உலவும் பெர்சிவரன்ஸ் ஊர்தி அதற்கான மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

நம் சிவப்பில் பலா காய்க்கிறது, மல்லிகை பூக்கிறது. செவ்வாய் இன்னும் ஒரு புல்லையும் காட்டவில்லை.