அகராதியில் ஒரு பேய்

டிக்‌ஷனரியில் இருந்தாலே அது சரியான வார்த்தைதானே?

அப்படியானால் 'டோர்ட்' என்று தைரியமாகப் பேசுங்கள். 'அடர்த்தி' என்று பொருள் போட்டு 1934-ல் வெப்ஸ்டர் பேரகராதியே அச்சடித்த வார்த்தை. உண்மையில் 'டென்சிட்டி'க்குச் சுருக்கம் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்று ஆங்கிலத்தில் ('D or d') ஒருவர் எழுதிய சீட்டை, இன்னொருவர் எழுத்துக்கூட்டி ஒரே சொல்லாக்கிவிட்டார்! 1939-ல் ஓர் எடிட்டர் விழித்துக்கொண்டார். பூர்வீகமே போடாத ஒரு வார்த்தை எப்படி உள்ளே குடியிருக்கிறது?

கடனைக் குறிக்கும் 'டெட்'டில், உச்சரிக்காத 'பி' எதற்கு?

வட்டி! அசல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'பி' கிடையாது. லத்தீன் 'டெபிட்டும்' ஞாபகமாகப் பிற்காலப் பண்டிதர்கள் செருகினார்கள். 'ஐலண்ட்' பாடு இன்னும் மோசம். அது பச்சை ஆங்கிலச் சொல். லத்தீன் உறவு என்று தப்பாக நினைத்து ஓர் 'எஸ்' சேர்த்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் அதற்கு இம்போசிஷன் எழுதுகிறார்கள்.

மீட்டிங்கை 'பிரிபோன்' செய்ததாக மெயில் அனுப்பினால், லண்டன் ஆபீஸில் சிரிக்கிறார்களே?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அதைச் சேர்த்தாயிற்று. ஒத்திப்போட்டே பழகியவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.