மாவு வாங்கப் போன மாவீரன்

நம் ஊரில் புது வண்டி வாங்கினால் பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் முதலில் வண்டிக்குத்தான். முன்னால் கிராஷ் கார்டு, சீட்டுக்கு ரெக்ஸின் கவர், டேங்குக்குத் தனியாக ஒரு கவர், நம்பர் பிளேட்டைச் சுற்றி ஸ்டீல் ஃபிரேம். ஷோரூமில் சுற்றிக் கொடுத்த பாலித்தீனை இரண்டு ஆயுத பூஜை கடந்தும் பிரிக்காத பக்திமான்களை எனக்குத் தெரியும். அதற்கும் மேலே ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் ஆடும். இத்தனை காவலும் போட்டு முடித்த பிறகு அதன்மேல் ஏறி உட்காருகிறவர் உடம்பில் ஒரு கைலி, ஒரு பனியன், காலில் ரப்பர் செருப்பு. கீழே விழுந்தால் வண்டிக்கு ஒரு கீறலும் விழாது.

சேலை கார்டு என்று பின்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கம்பி வலை இருக்கிறதே, அது நம் நாட்டில் சட்டப்படி வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தையாவது மறைக்கச் சொல்கிறது. ஆக, சேலைக்கு விதி உண்டு. தலைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ஆவது பிரிவு உண்டு. சேலைக்கானதைக் கம்பெனியே மாட்டிக் கொடுத்துவிடுவதால் அது ஒழுங்காக நடக்கிறது. தலைக்கான ஹெல்மெட் நம் பொறுப்பில் விடப்பட்டதால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்க்கிறது.

இந்த மரபை உடைக்க மதுரையில் பிறந்தவன் என் அக்கா மகன். 350 சிசி வண்டி வாங்கினான். வண்டிக்கு ஒரு கவர்கூடப் போடவில்லை. அந்தக் காசையெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டான். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கெட்டித் தகடு வைத்த ஜாக்கெட், முழங்காலில் தகடு வைத்த பேன்ட், விரல் கணுவில் பிளாஸ்டிக் புடைத்த கையுறை, கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும் பூட்ஸ். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கவே அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். போட்டு முடித்ததும், "அம்மா, என்ன வாங்கணும்?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்.

"ரெண்டு பாக்கெட்டு இட்லி மாவுடா."

கடை தெருமுனையில் இருக்கிறது. அங்கிட்டுப் போய் இங்கிட்டு வர, கவசம் மாட்டிய நேரத்தில் பாதிகூட ஆகாது. தெரு நாய்கள் பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்தவை, அவன் கையால் பிஸ்கட் தின்றவை. கவசத்தில் பார்த்ததும் கூட்டணி அமைத்துக் குரைத்தன. முதல் நாள் மாவுக்கடை அம்மா ஆளைப் பார்த்துவிட்டு, "பார்சல் ஆர்டர் எதுவும் நாங்க குடுக்கலப்பா" என்று அனுப்பிவிட்டார். ஏடிஎம்மில் கதை வேறு. 'ஹெல்மெட் அணிந்து உள்ளே வரக்கூடாது' என்று போர்டு தொங்குகிறது. காவலாளி இவனை மேலிருந்து கீழ் பார்த்து, "தம்பி, ஹெல்மெட்டைக் கழட்டுறதா, இல்ல முழுசாவே கழட்டுறதா, நீங்களே சொல்லுங்க" என்றாராம்.

இருபத்து நாலு மணி நேரமும் கவசத்தோடு இருந்தவர் எனக்குத் தெரிந்து கர்ணன் ஒருவர்தான். அவருக்கு அது பிறவியிலேயே வந்தது. கழற்றி மாட்டும் தொல்லை இல்லை, மே மாதத்தில் வியர்த்ததாகவும் யாரும் பாடி வைக்கவில்லை. என் அக்காவுக்கு நம்பிக்கை கந்த சஷ்டி கவசத்தின்மேல். அதில் தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கச் சொல்லியிருக்கிறது. எந்த ஜாக்கெட் கம்பெனியும் அத்தனை இடத்துக்குத் தகடு வைத்ததில்லை. "இதுக்கு வியர்க்கவும் வியர்க்காது, காசும் கெடையாது" என்பாள்.

நான் கேட்டேன்: "மாப்ள, கொடைக்கானல் போறப்ப போடு, சரி. மாவு வாங்கவுமாடா?"

"எந்த எடத்துல விழுவோம்னு முன்னாலேயே தெரிஞ்சா, அந்த ரோட்டுப் பக்கமே போக மாட்டோமே மாமா" என்றான்.

மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 'பக்கத்துலதானே' என்ற சொல்லை நம்பி வண்டியை எடுத்தவர்களில் உலகப் புகழ் பெற்றவரும் உண்டு. லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தில் வருகிற டி. இ. லாரன்ஸ். பாலைவனத்தில் துருக்கியரோடு சண்டை போட்டுத் தப்பி வந்த மனிதர். 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ராணுவ முகாமுக்கு மோட்டார் சைக்கிளில் போய் ஒரு தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பினார். வழியில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமல் ஒதுங்கப் போய் விழுந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். அவர் அதை அத்தோடு விடாமல், ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து 1941-இல் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் அவர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இன்று நாம் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிற பொருளுக்குப் பின்னால் ஒரு தந்தி ஆபீஸ் நடை இருக்கிறது.

என்றாலும் மாப்பிள்ளை சொல்வதை அப்படியே ஏற்க மதுரை வெயில் விடாது. ஜாக்கெட் விற்கிறவர்கள், "மெஷ் துணி சார், காத்து சும்மா உள்ள பூந்து போகும்" என்பார்கள். உண்மைதான், வண்டி ஓடினால் போகும். கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் எந்த வண்டி ஓடியிருக்கிறது? சென்ற சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக் கூட்டத்தில் தல்லாகுளத்துப் பக்கம் முழுக்கவசத்தோடு மாட்டிக்கொண்டான். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச ஆட்டுத்தோல் பையோடு வந்த பக்தர் ஒருவர், இவன் நிலையைப் பார்த்து ஜாக்கெட்டின் கழுத்து வழியே ஒரு பீய்ச்சு பீய்ச்சியிருக்கிறார். பக்கத்தில் நின்ற பாட்டி, "நல்லாருக்குய்யா. இது என்ன வேசம், எந்த ஊரு நேத்திக்கடன்?" என்று விசாரித்தாராம். அன்று அவன் குடித்த ஜிகர்தண்டாக்களின் கணக்கை அவனே சொல்ல மறுக்கிறான்.

வெயிலில் மயங்கி விழுவதும் விபத்துதான். மே மாத மதியத்தில் தலை கிறுகிறுத்து வண்டி ஓட்டுவதைவிட, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒழுங்காக ஓட்டுவது மேல் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஜாக்கெட்டுக்குச் சொன்ன இந்த வாதத்தை அப்படியே ஹெல்மெட்டுக்கும் நீட்டிவிடுவதுதான் நம்மவர் சாமர்த்தியம். முடி கொட்டுகிறது, கழுத்து வலிக்கிறது, பின்னால் வருகிறவன் ஹாரன் கேட்கவில்லை. ஹெல்மெட்டே போடாதவர்களுக்கும் முடி கொட்டுகிறது. ஹாரனை அவர்கள் எந்தக் காலத்தில் காதில் வாங்கினார்கள்?

ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும், அடுத்த முக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். முழங்கையில் தொங்கினால் ரோடு காலி. எதிரே வருகிற முன்பின் தெரியாதவர் தன் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினால், போலீஸ் நிற்கிறது என்று பொருள். சாதி, மதம், கட்சி பாராமல் தமிழர் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி இது. அந்தத் தட்டைப் பார்த்ததும் ஹெல்மெட் கையிலிருந்து தலைக்கு ஏறும். கொக்கியை மாட்ட நேரம் இருக்காது. 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனபோது தட்டுகளின் வேகம் கூடியது. கொக்கி மட்டும் அப்போதும் தொங்கியது. சட்டம் ஹெல்மெட்டை வாரால் தலையில் இறுக்கிக் கட்டச் சொல்கிறது. கட்டாத ஹெல்மெட் விழும்போது தனி வழியில் போய்விடும், தலை தனியாக வந்து சேரும்.

ஹெல்மெட்டுக்குள் வேலை செய்வது வெளி ஓடு மட்டுமல்ல. உள்ளே ஒட்டியிருக்கும் தெர்மோகோல்தான் முக்கியம். அடி விழும்போது அது நசுங்கிக்கொடுத்து, தலை நிற்கிற வேகத்தைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது. அதனால் ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே பளபளவென்று இருந்தாலும் ஓய்வு பெற்றுவிட்டது என்று அர்த்தம். 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று ஆனபோது, ரோட்டோரம் தர்பூசணிபோலக் குவித்து விற்றார்களே, அவற்றில் பலவற்றுக்கு இந்தத் தெர்மோகோலே இல்லை. பஞ்சும் துணியும் வைத்து மேலே ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். போலீசுக்காக வாங்கப்பட்டவை, போலீசிடமிருந்து மட்டும் காப்பாற்றின. 2021 ஜூன் முதல் நாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை பெறாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ரோட்டோரத்துக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

மாப்பிள்ளை ஒரு நாள் விழுந்தான். கொடைக்கானலில் இல்லை, நெடுஞ்சாலையில் இல்லை. அழகர்கோயில் சாலையில், ஏதோ லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்டில், திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கியது. நாற்பதில்கூட வரவில்லை என்று சத்தியம் செய்கிறான். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். உள்ளங்கையில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்கும். கறுப்பாக இருந்தது வெள்ளையாகத் தேய்ந்து, ஓரத்தில் மணல் பதிந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த தோல் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. விழுகிற மனிதன் முதலில் கையைத்தான் ஊன்றுவான். ஊன்றிய கை தார் ரோட்டில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அந்தக் கையுறையைப் பார்த்தாலே தெரிந்தது. பையன் கையில் ஒரு சிராய்ப்பும் இல்லை.

அக்கா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கைநிறைய உப்பும் மிளகாயும் எடுத்து வந்து, மகனுக்கு மூன்று சுற்று, கையுறைக்கு மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடியில் வீடே இருமியது. அன்றிலிருந்து மாவு வாங்க அனுப்பும்போது, "கையொறைய எடுத்துக்கடா" என்று அவளே சொல்கிறாள்.

எனக்கு இதில் கோபம் வருவது வேறோர் இடத்தில். ஓட்டுகிறவர் எப்படியோ ஒரு ஹெல்மெட் வாங்கிவிடுகிறார், அபராதம் அவர் பாக்கெட்டிலிருந்து போவதால். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் காய்கறிப் பையையும் பிடித்துக்கொண்டு, பிடிமானமே இல்லாமல் வருகிற அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அரசுக் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். அதில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். 2019-இல் திருத்திய சட்டம் நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. நம் குழந்தைகள் டேங்க் மேல் உட்கார்ந்து, அப்பாவின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக் காவல் காக்கிறார்கள்.

மதுரையில் பெண்களுக்கு ஹெல்மெட் என்று பேச்செடுத்தால் எதிரே வந்து நிற்பது மல்லிகைப் பூ. என் வீட்டிலும் இதே வழக்குதான். "ஏங்க, முகூர்த்த நாள்ல பூ என்ன வெல விக்குதுன்னு தெரியுமா? அதை வச்சுக் கட்டி, அதுமேல இந்தக் குண்டானக் கவுத்துனா பூ என்னத்துக்கு ஆகும்?" நியாயமான கேள்வி. இதற்கு விடை கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, அவர்களைக் கல்யாண மண்டபத்துப் பார்க்கிங்கில் பார்க்கலாம். பெண்கள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வாழை இலையில் சுற்றி எடுத்து வந்த பூவை எடுத்து, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி, வண்டிக் கண்ணாடியில் குனிந்து பார்த்து வைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். வரிசையாக நான்கைந்து பேர், ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு கொண்டை. ஓட்டி வந்த கணவன்மார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, "லேட்டாச்சு, லேட்டாச்சு" என்கிறார்கள். அவர்கள் தலையில் வைக்கவும் ஒன்றும் இல்லை, கழற்றவும் ஒன்றும் இல்லை.

ஆக, எப்போதும் முழுக்கவசம் வேண்டுமா என்று கேட்டால் என் தீர்ப்பு இது. ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறுகிறீர்களா, மாப்பிள்ளை மாதிரியே போங்கள், நாய் குரைத்தால் குரைக்கட்டும். ஊருக்குள் ஜாக்கெட்டுக்கு வெயிலில் விடுமுறை தரலாம். ஹெல்மெட்டுக்கும் அதன் கொக்கிக்கும் கையுறைக்கும் ஷூவுக்கும் தரக்கூடாது. கைலிக்கு நான் எதிரியில்லை, ஆனால் கைலி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். காசு குறைவாக இருந்தால் முதலில் ஹெல்மெட், அடுத்து கையுறை, ஜாக்கெட் கடைசியில்.

ஹெல்மெட் வாங்கக் கடைக்குப் போகும்போது வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். புருவத்துக்குச் சற்று மேலே இஞ்ச் டேப்பைச் சுற்றி அளவு எடுப்பார்கள். ஒவ்வொரு தலைக்கும் அளவு வேறு.